பெண் தேரையின் உடல் சொல்லும் கணக்கு

நார்வேயிலிருந்து இத்தாலி வரை, பிரிட்டனிலிருந்து ரஷ்யா வரை, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவி வாழும் பொதுத் தேரையின் அறிவியல் பெயர் பூஃபோ பூஃபோ. அயர்லாந்தில் இது கிடையாது. சொரசொரப்பான பழுப்புத் தோலும், செம்பு நிறக் கண்ணும், கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் நச்சுச் சுரப்பியும் இதன் அடையாளங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள அளவு வேறுபாடு இந்த இனத்தில் எடுப்பாகத் தெரியும். பிரிட்டனில் ஆண் அதிகமாகப் போனால் 8 செ.மீ. நீளம் இருக்கும், பெண் 13 செ.மீ. வரை வளரும். ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்கு பிரான்ஸ், வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் வாழ்பவற்றை 2012ஆம் ஆண்டு தொடங்கி முள் தேரை என்ற தனி இனமாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த இனத்தின் பெண்கள் இன்னும் பருமனானவை.

ஒரு வட்டாரத்தில் தேரைகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று கண்காணிப்பவர்களுக்கு இந்த அளவு வேறுபாடு முக்கியமான செய்தி. தலைகளை எண்ணி ஒரு மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவது எளிது. அந்தத் தொகையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, பெண்கள் எவ்வளவு பெரியவை என்று தெரியாவிட்டால், அடுத்த தலைமுறை எப்படி இருக்கும் என்பதைப் பற்றி அது எதையும் சொல்லாது.

பொதுத் தேரை ஆண்டின் பெரும்பகுதியை நீரிலிருந்து விலகியே கழிக்கிறது. காட்டுத் தரையிலும், தோட்டங்களிலும், கல்லுக்கடியிலும் தனித்தனியாக வாழும். குளிர்காலத்தில் மண்ணுக்குள்ளோ இலைச்சருகுக்கு அடியிலோ உறங்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவு வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, தரையும் ஈரமாக இருந்தால், அந்தி சாய்ந்ததும் நூற்றுக்கணக்கில் வெளியே வந்து இனப்பெருக்கக் குளத்தை நோக்கி நடக்கத் தொடங்கும். வழியில் வேறு குட்டை இருந்தாலும் பெரும்பாலானவை நிற்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் குளத்துக்கே போகும். ஆண்டு முழுவதும் கண்ணில் படாத விலங்கு, சில வாரங்களுக்கு ஒரே இடத்தில் குவிகிறது. கணக்கெடுப்பு நடத்த இதைவிட நல்ல சமயம் கிடையாது.

அந்தச் சமயத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவதும் சுலபம். ஆணின் முன்னங்கால் பருத்து, உட்புற மூன்று விரல்களில் கறுப்பான சொரசொரத் தடிப்பு தோன்றியிருக்கும். வழுக்கும் பெண்ணின் அக்குளுக்கடியில் கைகோத்துப் பிடிப்பதற்கு உதவும் தடிப்பு அது. ஆணின் முதுகுப்புறமாக இரு விரலால் பக்கவாட்டில் பிடித்தால் உடம்பு அதிர, ‘கீக்... கீக்...’ என்று அடுக்கடுக்காகக் குரல் கொடுக்கும். வேறொரு ஆண் தன்மேல் தவறி ஏறிவிட்டதாக எண்ணி, ‘விடு’ என்று சொல்லும் குரல் இது. பெண்ணைப் பிடித்தால் இந்தக் குரல் வராது. அதன் வயிறு முட்டைகளால் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கும்.

பெண் பெரிதாக இருப்பது இந்த ஒரு இனத்தின் தனிக்குணம் அல்ல. ஆஸ்திரேலிய உயிரியலாளர் ரிச்சர்ட் ஷைன் 1979இல் நூற்றுக்கணக்கான தவளை, தேரை இனங்களின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 90 சதவீத இனங்களில் பெண்ணே பெரிதாக இருந்தது. தமிழ்நாட்டு வீட்டு வாசல்களில் மழைக்காலத்தில் விளக்கடியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் ஆசியத் தேரையும் இப்படித்தான். முட்டையிடும் பருவத்தில் அதன் ஆண்களின் உடல் சிறிது நேரத்திலேயே பளிச்சென்ற மஞ்சளாக மாறும். பெரிய உடல் கொண்ட பெண்களோ பழுப்பாகவே இருக்கும். விதிவிலக்குகளும் உண்டு. ஆப்பிரிக்கக் காளைத் தவளையில் ஆண்தான் பெரியது. அந்த ஆண்கள் இடத்துக்காகக் கடுமையாகச் சண்டை போடுகின்றன. தலைப்பிரட்டைகளுக்குக் காவலும் இருக்கின்றன. பெரிய உடல் ஆணுக்கு நேரடியாகப் பயன்படும் இடத்தில் ஆண் வளர்ந்திருக்கிறது.

பெண் தேரை பெரிதாக இருப்பதற்கு முதல் காரணம் முட்டை. பொதுத் தேரையின் பெண் ஒரு பருவத்தில் சில ஆயிரம் முட்டைகளை இரண்டு நீண்ட சரங்களாக நீர்ச்செடிகளைச் சுற்றி இடுகிறது. இந்த முட்டைகள் முழுவதும் அதன் வயிற்றுக்குள்தான் முதிர்ந்தாக வேண்டும். உடல் பெரிதானால் இடம் கூடும், முட்டையும் கூடும். ஆணுக்கு இப்படி ஒரு தேவை இல்லை. அது சீக்கிரம் முதிர்ந்து, சீக்கிரம் குளத்துக்குப் போய், கூடுதல் பருவங்களில் இணை தேடுவதில்தான் ஆதாயம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் வயது. பலரும் முதலில் யோசிக்காத காரணம் இதுதான். ஆனால் அளவு வேறுபாட்டின் பெரும்பங்கை விளக்குவதும் இதுதான். ஆண் தேரை இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பெண்ணுக்கு அதைவிட ஓரிரு ஆண்டு கூடுதலாக ஆகும். முதிர்ந்த பிறகு வளர்ச்சி வேகம் மிகவும் குறைந்துவிடுவதால், தாமதமாக முதிரும் பெண்ணுக்கு வளர்வதற்குக் கூடுதல் காலம் கிடைக்கிறது. தவிர, குளத்துக்கு வரும் பெண்கள் சராசரியில் ஆண்களைவிட வயதில் மூத்தவை. இதைக் கண்டுபிடிக்க எலும்பு உதவுகிறது. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோவதால், தேரையின் விரலெலும்பை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுகளை எண்ணி வயதைச் சொல்லலாம். கோடுகள் நெருங்கத் தொடங்கும் இடத்தைப் பார்த்து அது எப்போது முதிர்ந்தது என்றும் சொல்லலாம். 2002இல் பல தவளை, தேரை இனங்களின் வயதுக் கணக்குகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஆண் பெண் வயது வேறுபாடு கூடக்கூட அளவு வேறுபாடும் கூடுவதைக் காட்டியது.

பெரியது என்றாலே பெண் என்ற கணிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2023 ஜனவரியில் காட்டு வழியில் பிடிபட்ட ஒரு கரும்புத் தேரை 2.7 கிலோ எடை இருந்து உலகச் செய்தியானது. அவ்வளவு பெரியது என்பதாலேயே அது பெண்ணாகத்தான் இருக்கும் என்று வனக்காவலர்கள் முடிவுசெய்தார்கள். கரும்பு வண்டுகளை ஒழிப்பதற்காக 1935இல் ஹவாயிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு, பிறகு கட்டுக்கடங்காமல் பரவிய இனம் அது. ஐரோப்பாவில் தேரை குறைவது கவலை. அங்கே பெருகுவது கவலை.

ஆண் சிறியது என்பதால் ஆணின் அளவுக்கு முக்கியத்துவம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குளத்தில் ஒரு பெண்ணுக்கு மூன்று, நான்கு ஆண்கள் இருப்பது சாதாரணம். சில குளங்களில் இன்னும் அதிகம். பெண்ணின் முதுகில் ஏற்கெனவே ஓர் ஆண் ஏறியிருந்தாலும் மற்ற ஆண்கள் விடுவதில்லை. மோதும், உதைக்கும், தள்ளிவிட்டுத் தான் ஏறப் பார்க்கும். சில சமயம் ஏழெட்டு ஆண்கள் ஒரே பெண்ணைச் சுற்றி ஒரு பந்தாகத் திரண்டு, அடியில் சிக்கிய பெண் மூச்சுத் திணறி இறப்பதும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த நிக் டேவிஸும் டிம் ஹாலிடேயும் 1978இல் வெளியிட்ட சோதனை இந்தச் சண்டையைப் பற்றியது. பெரிய ஆணின் குரல் கனமாகவும், சிறிய ஆணின் குரல் கீச்சென்றும் இருக்கும். பெண்ணின் மேல் இருந்த ஆண்களை அவர்கள் குரலெழுப்ப முடியாதபடி செய்து, பதிவுசெய்த குரல்களைப் பக்கத்தில் ஒலிக்கவிட்டார்கள். கனத்த குரல் ஒலித்தபோது எதிரிகள் தாக்குவது குறைந்தது. எதிராளி எவ்வளவு பெரியவன் என்பதை இருட்டில் குரலைக் கேட்டே தேரை எடைபோடுகிறது. அவ்விருவரும் அதற்கு முந்திய ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆணும் பெண்ணும் அளவில் ஓரளவு பொருந்தியிருக்கும்போது முட்டைகள் நன்றாகக் கருவுறுவதையும் காட்டியிருந்தார்கள். முதுகில் இருக்கும் ஆண் மிகச் சிறியதாக இருந்தால் அதன் உடலின் பின்பகுதி பெண்ணினுடையதோடு ஒட்டி வராது. பெரிய ஆணுக்குக் கிடைக்கும் ஆதாயம் எல்லாக் குளங்களிலும் ஒரே அளவில் தென்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி எண்ணும் வேலைக்கு வரலாம். மிக எளிய முறை, இரவில் டார்ச் விளக்குடன் குளக்கரையைச் சுற்றி வந்து கண்ணில் படுவதை எண்ணுவது. செலவில்லை, தேரைக்கும் தொந்தரவில்லை. ஆனால் குளம் கலங்கியிருந்தாலோ, செடி அடர்ந்திருந்தாலோ, இரவு குளிர்ந்துவிட்டாலோ எண்ணிக்கை சடாரென்று விழும். ஒரே குளத்தில் அடுத்தடுத்த இரவுகளில் பல மடங்கு வேறுபாடு வருவது சகஜம். அதனால் ஒரு பருவத்தில் பல இரவுகள் எண்ணி, அவற்றில் மிக உயர்ந்த எண்ணை வைத்துக்கொள்வது வழக்கம்.

இதைவிட உறுதியான முறை தடுப்பு வேலி. சாலையோரத்திலோ குளத்தைச் சுற்றியோ முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் படுதாவைக் கட்டி, அதையொட்டி இடைவெளி விட்டு வாளிகளைத் தரை மட்டத்தில் புதைப்பார்கள். வேலியில் முட்டும் தேரை அதன் ஓரமாகவே நடந்து வாளிக்குள் விழும். விடியற்காலையில் ஒவ்வொரு வாளியாக எடுத்து, ஆண், பெண், இணை என்று பிரித்து எழுதிக்கொண்டு, குளத்தில் விடுவார்கள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சாலைகளில் தேரைகள் நசுங்குவதைத் தடுக்கப் போடப்பட்ட வேலிகளே பல ஆண்டுகளாகக் கணக்கெடுப்புக் கருவிகளாகவும் இருந்துவருகின்றன.

கண்ணில் படாதவற்றையும் சேர்த்து மதிப்பிட வேண்டுமானால் அடையாளமிட்டு மறுபடி பிடிக்கும் முறை தேவை. எடுத்துக்காட்டாக, முதல் முறை 200 தேரைகளைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடலாம். சில நாள் கழித்து 150 பிடித்ததில் 50 அடையாளமுள்ளவை என்றால், பிடித்தவற்றில் மூன்றில் ஒன்று பழையது. அப்படியானால் முதலில் அடையாளமிட்ட 200 என்பது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. கூட்டத்தின் அளவு சுமார் 600. கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டு பிடிப்புகளுக்கும் இடையில் யாரும் வெளியேறியிருக்கக் கூடாது. எல்லாம் பிடிபடும் வாய்ப்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தேரைகளிடம் இந்த நிபந்தனை உடையும் இடம் பெண்தான். ஆண் வாரக்கணக்கில் குளத்தில் காத்துக் கிடக்கும். பெண் வந்து, சில நாட்களில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிவிடும். எனவே இருபாலையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுவது தவறு; தனித்தனியாகவே மதிப்பிட வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பெண்கள் எல்லாம் ஆண்டுதோறும் குளத்துக்கு வருவதில்லை. அத்தனை முட்டைகளுக்கும் வேண்டிய கொழுப்பை உடலில் சேர்க்க முடியாதவை ஓர் ஆண்டோ அதற்கு மேலோ விட்டுவிட்டு வரும். ஒரு குளத்தில் இந்த ஆண்டு பெண்கள் குறைவாக வந்தால், அவை இறந்துவிட்டனவா, வீட்டிலேயே தங்கிவிட்டனவா என்று ஒரு பருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தோலுக்கடியில் செலுத்தும் 12 மி.மீ. நீளமுள்ள மின்னணுச் சில்லு போன்ற நிலையான தனி அடையாளம் இருந்தால், இரண்டு ஆண்டு கழித்து அதே பெண் திரும்பி வருவதைக் காணலாம். ஆண்களின் எண்ணிக்கை மாறாமல் நிற்கும் ஒரு குளம், பெண்களை இழந்துகொண்டே இருக்கலாம். ஆண்கள் நிரம்பிய கரையைப் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

நேட்டர்ஜாக் என்னும் மற்றோர் ஐரோப்பியத் தேரையில் இந்தத் தொல்லை குறைவு. மணற்பாங்கான ஆழமில்லாத குட்டைகளில் அது முட்டைச் சரங்களைத் தனித்தனியாக விரித்து இடுவதால், சரத்தை எண்ணினாலே முட்டையிட்ட பெண்களை எண்ணியதாகிவிடும். பொதுத் தேரையிலோ பல பெண்கள் ஒரே இடத்தில் சரங்களைச் செடிகளைச் சுற்றிப் பின்னிவிடுவதால் அதற்கு இந்த வழி உதவாது.

தொடர்ந்து எண்ணுவது எவ்வளவு அவசியம் என்பதை உலகுக்கு உணர்த்தியது கோஸ்டாரிகாவின் மொன்டேவெர்டே மேகக்காட்டில் வாழ்ந்த பொன் தேரை. ஆண்கள் ஒளிரும் ஆரஞ்சு நிறம். பெண்கள் கரிய உடலில் செந்நிறப் புள்ளிகள் கொண்டவை. 1987இல் மார்த்தா கிரம்ப் என்ற ஆய்வாளர் 1,500க்கும் மேற்பட்ட தேரைகளை அங்கே பார்த்தார். 1989இல் காண முடிந்தது ஒரே ஒரு ஆண். அதன் பிறகு ஒன்றுகூடத் தென்படவில்லை. 2004இல் அந்த இனம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. தேரைக் கூட்டங்கள் இயல்பாகவே ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கக் கூடியவை என்பதால், இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கை வைத்து இது தற்காலிகச் சரிவா, முடிவின் தொடக்கமா என்று பிரித்தறிய இயலாது. பத்து, இருபது ஆண்டு நீளும் பதிவுகள் வேண்டும்.

பிரிட்டனில் அப்படிப்பட்ட நீண்ட பதிவு, ஆய்வுக்கூடங்களிலிருந்து வரவில்லை, சாலையோரத்திலிருந்து வந்தது. அங்கே ஆண்டுதோறும் சுமார் 20 டன் தேரைகள் வாகனங்களில் நசுங்குகின்றன என்பது ஃபிராக்லைஃப் என்ற பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு. ஆண் தேரைகள் பெண்ணை எதிர்பார்த்துத் திறந்த சாலையிலேயே அசையாமல் உட்கார்ந்துவிடும். பெண்ணோ, முட்டைகளின் சுமையோடு முதுகில் ஓர் ஆணையும் சுமந்துகொண்டு மெல்ல நகரும். ஒரு சக்கரம் ஏறினால் இழப்பு இரண்டு உயிரோடு நிற்பதில்லை, அந்த ஆண்டுக்கான ஆயிரக்கணக்கான முட்டைகளும் சேர்ந்து போகின்றன. 1980களிலிருந்து தன்னார்வலர்கள் மார்ச் மாத மழை இரவுகளில் ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு, வாளியும் டார்ச்சுமாக நின்று தேரைகளைச் சாலையின் மறுபக்கம் சேர்க்கிறார்கள். 1987இல் ஹாம்பிள்டன் என்னும் ஊரில் சாலைக்கடியில் தேரைகளுக்காகவே ஒரு சுரங்கவழி போடப்பட்டது.

காப்பாற்றியவை எத்தனை, செத்துக் கிடந்தவை எத்தனை என்று அவர்கள் எழுதிவைத்த தாள்கள் பிற்காலத்தில் பெரும் பயன் தந்தன. சில்வியு பெட்ரோவான், பெனடிக்ட் ஷ்மிட் ஆகியோர் பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் சேர்ந்த இந்தப் பதிவுகளை அலசி 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரிட்டனின் பொதுத் தேரைகள் சுமார் முப்பது ஆண்டுகளில் 68 சதவீதம் குறைந்திருந்தன. சுவிட்சர்லாந்திலும் சரிவு தெரிந்தது. எங்கும் காணப்படும் இனம் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படாத ஒன்றுக்கு இந்த நிலை. மழையில் நனைந்து நின்ற சாதாரண மக்களின் பொறுமையான பதிவு இல்லாவிட்டால் இது வெளியே தெரிந்திருக்காது.

ஏன் குறைகின்றன என்ற கேள்விக்கு எண்ணிக்கையால் மட்டும் விடை சொல்ல முடியாது. அங்கேதான் அளவுகோல் வருகிறது. தென் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ரீடிங் என்ற ஆய்வாளர் 1983 முதல் 2005 வரை ஒரே தேரைக் கூட்டத்தைத் தொடர்ந்து கவனித்தார். பெண்களின் நீளத்தையும் எடையையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டபோது, வழக்கத்தைவிட வெப்பமான ஆண்டுகளை ஒட்டி அவற்றின் உடல்நிலை நலிந்து வந்ததும், அதே போக்கில் ஆண்டுக்கு ஆண்டு உயிர்பிழைக்கும் பெண்களின் விகிதம் குறைந்ததும் தெரிந்தன. குளிர் குறைந்த குளிர்காலங்களைத் தொடர்ந்த ஆண்டுகளில் பெண்களின் உடலளவே சிறுத்திருந்தது. அதனால் முட்டைகளும் குறைந்தன. தேரையின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர் கடுமையாக இருந்தால் உடலியக்கம் அடங்கி, சேமித்த கொழுப்பு மெல்லச் செலவாகும். குளிர் போதாமல் போனால் உறக்கத்திலேயே உடல் கூடுதலாக எரிக்கும், இரையோ கிடைக்காது. முட்டைக்கும் அதே கொழுப்பை நம்பியிருக்கும் பெண்ணுக்கு இது இரட்டை இழப்பு. அளக்காமல் எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தால், இந்தத் தொடர்பு பிடிபட்டிருக்காது.

அளக்கும் முறை எளியது. ஆனால் கை பழக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து உடலின் பின்துளை வரை உள்ள நீளமே கணக்கு, கால்கள் சேராது. தேரையை மட்டமான பரப்பில் வைத்து, முதுகு வளையாதபடி லேசாக அழுத்தி, வெர்னியர் அளவியால் மில்லிமீட்டர் கணக்கில் எடுப்பார்கள். அது உடம்பைச் சுருக்கிக்கொண்டால் சில மில்லிமீட்டர் குறையும் என்பதால், முடிந்தவரை ஒரே ஆள் அளப்பது நல்லது. பிறகு துணிப்பையிலோ பிளாஸ்டிக் பையிலோ போட்டுச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டு எடை. குளத்துக்குள் நுழையும் பெண்ணின் எடையில் கணிசமான பங்கு முட்டையுடையது. ஆகவே முட்டையிட்டுத் திரும்பும் பெண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது. எந்தக் கட்டத்தில் பிடித்தது என்பதையும் எழுத வேண்டும். ஒரே நீளமுள்ள இரண்டு பெண்களில் எது கூடுதல் எடையோ அதற்கு உடல்வளம் அதிகம். கையுறை அணிவதும், ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் காலணியைக் கிருமிநாசினியால் கழுவுவதும் கட்டாயம். நீர்நில வாழ்விகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரமான காலணியில் ஒட்டிக்கொண்டே பயணம் போகக்கூடியது.

இப்படிச் சேர்ந்த அளவுகளை வாசிப்பதிலும் நிதானம் தேவை. பெண்களின் சராசரி நீளம் 80 மி.மீ., ஆண்களின் சராசரி 64 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பெண் ஆணைவிட 1.25 மடங்கு. இந்த விகிதம் சில ஆண்டுகளில் சுருங்கினால், பெண்கள் குறைந்த வளர்ச்சியோடு குளத்துக்கு வருகின்றன என்று பொருள் கொள்ளலாம். மூத்த பெண்கள் இறந்து இளையவை மட்டும் எஞ்சியிருக்கின்றன என்றும் கொள்ளலாம். மாறாக, இருபாலிலும் சராசரி அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போவது நல்ல அறிகுறி போலத் தோன்றும். ஆனால் தலைப்பிரட்டைகள் பிழைக்காமல், புதிய இளம் தேரைகள் சேராமல், இருக்கும் பழையவை மட்டும் மூத்துக்கொண்டு வந்தாலும் இதே ஏற்றம்தான் தெரியும். எது உண்மை என்பதை முடிவுசெய்ய அளவோடு வயதும், வயதோடு எண்ணிக்கையும் சேர வேண்டும்.